பெரட்டுக் களத்துக்கு வந்த நாய் வரி

“விஞ்ஞானத்துக்கு ஆள் கேட்டேன், வரலாற்றுக்கு அனுப்பியிருக்காங்க. சரி, வாங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க டீச்சர். வெள்ளக்காரன் காலத்துல கண்டிப் பக்கம் கலகம் ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சு இந்த லயத்துப் புள்ளைகளுக்கு என்ன ஆகப் போகுது?”

நியமனக் கடிதத்தோடு நான் பாடசாலைக்குள் நுழைந்த முதல் காலையில் எங்கள் அதிபர் கேட்ட கேள்வி இது. அவர் கெட்டவர் இல்லை. பதினோராம் தரத்துக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடம் தவித்தவர். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் வேறொரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடொன்றில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் இன்றும் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், பட்டம் வாங்கியவளும் நான்தான். அந்தப் பெருமையை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்து நின்றவளிடம் இப்படிக் கேட்டால்?

“பாருங்க சார்” என்று மட்டும் சொன்னேன். அவர் பார்க்கத்தான் செய்தார். எட்டே மாதத்தில், தோட்டமே சேர்ந்து பார்த்தது!

இந்த மாதிரி அனுபவங்களை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். இருந்தாலும் இந்த வருடம் புதிதாக நியமனம் பெற்றுத் தோட்டப் பாடசாலைகளுக்கு வருகிற உங்களுக்கு இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பாடக்குறிப்பு எப்படி எழுதுவது, கரும்பலகையை எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் கல்லூரியில் படித்திருப்பீர்கள். நான் செய்த தப்பை அங்கே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பாடசாலை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. கீழே பெரட்டுக் களம். காலையில் தொழிலாளிகளைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கிருந்து நாற்பது படி ஏறினால் எங்கள் வகுப்பறை. அவர்கள் பெயர் கூப்பிட்டு முடியும் நேரத்தில்தான் நாங்கள் வரவு இடாப்பு எடுக்கத் தொடங்குவோம்.

1848 கலகத்தின் காரணங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு மிக வேண்டிய பாடம். நானும் ‘காணி, வரி, வீதி, விகாரை’ என்று தாளம் போட்டுப் பாடமாக்கிக் கொடுத்தேன். காடும், எரித்துப் பயிரிடும் சேனை நிலமும் உறுதிப் பத்திரம் காட்ட முடியாவிட்டால் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்ற சட்டம். அந்த நிலத்தில் கோப்பித் தோட்டம். பிறகு கடைக்கு வரி, துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி. பதினெட்டிலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை உள்ள ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். பிக்குகளையும் அதில் சேர்த்திருந்தார்கள். பிள்ளைகள் கிளிபோல ஒப்பித்தார்கள். எனக்குப் பரம திருப்தி.

அப்போது கோகிலா கை தூக்கினாள். வகுப்பில் கெட்டிக்காரி, சந்தேகம் வந்தால் விடமாட்டாள்.

“மிஸ், ஒரு நாய்க்கு வரி கேட்டதுக்கா இவ்ளோ பெரிய சண்ட போட்டாங்க?”

வகுப்பே சிரித்தது.

“எங்க லயத்துல மட்டும் பதினேழு நாயி இருக்கு மிஸ். வரி போட்டா அவிழ்த்து விட்டுட்டுப் போயிருவோம். இதுக்கெல்லாமா போயி சாவாங்க?”

அந்த நேரம் பார்த்து மணியடித்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே யோசனை வந்துவிட்டது. வரி விதிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு உணர்த்தினால் என்ன? உடம்பெல்லாம் பரபரத்தது. அடுத்த நாளே ஒரு தாள் தயாரித்தேன். லய இலக்கம், அதில் ஒவ்வொரு குடும்பமும் இருக்கும் அறையான காம்பராவின் இலக்கம், நாய் எத்தனை, துப்பாக்கி உண்டா, கடை உண்டா, பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரை ஆண்கள் எத்தனை பேர் என்று கட்டம் போட்டேன். கடைசியாக இன்னொரு கட்டம்: தோட்ட வேலையா, வெளி வேலையா? இந்தியாவிலிருந்து கூட்டி வந்த தொழிலாளிகளுக்கு அந்த வீதி வேலையிலிருந்து விலக்கு இருந்தது என்று படித்திருந்தேன். அதையும் பாடத்தில் கொண்டுவரலாம் என்ற ஆசை.

தாள் அசல் அரசாங்கத் தாள் போல இருக்க வேண்டாமா? மேலே பாடசாலை முத்திரையைக் குத்தினேன். அவரவர் காம்பராவுக்கு ஒரு தாள் என்று இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்தேன்.

“ஏன் எழுதுறீங்கன்னு வீட்டுல கேட்டா சொல்லாதீங்க” என்றேன். “அந்தக் காலத்துச் சனங்களுக்கும் யாரும் சொல்லல. வெள்ளிக்கிழமை வகுப்புல உடைச்சுருவோம்.”

இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள். இதற்குத் திரும்ப வருவேன்.

வியாழக்கிழமை காலையில் இருபத்து மூன்று தாளும் வந்தன. கோகிலாவின் தாள் முத்துமுத்தான எழுத்து. மாதிரிக்காக அதை வகுப்புச் சுவரில் குத்திவிட்டு, மற்றதைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கும்போதே கீழே சத்தம். பெரட்டுக் களத்தில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். உடை நனையாமல் இருக்க இடுப்பில் படங்கு கட்டியாயிற்று, கொழுந்துச் சாக்கு தோளில் கிடக்கிறது, ஆனால் ஒருவரும் மலைக்கு ஏறவில்லை. நாய்கள்கூட வந்திருந்தன!

அதிபர் படியில் ஓடிவந்து என்னைப் பிடித்தார். “என்ன தாள் குடுத்தீங்க டீச்சர்? நாய்க்கு வரியாம், தோட்டம் பூரா அதே பேச்சு!”

கூட்டத்துக்குள் போனேன். எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் வந்தன.

“நாய் ஒண்ணுக்கு ஒரு நாள் பேரு வெட்டி சம்பளத்தப் புடிப்பாங்களாமே?”

“ஆம்பளைகள சும்மா ரோடு வெட்டக் கூப்புடப் போறாங்களாம். எம் மகன் கொழும்புல இருக்கான், யாரு அனுப்புறது?”

“துப்பாக்கி இருக்கான்னு எதுக்கு டீச்சர் கேட்டீங்க? எங்கள என்னான்னு நெனச்சீங்க?”

இதற்கெல்லாம் சிரித்துவிடலாம். அடுத்து வந்தது சிரிக்கக் கூடியதல்ல. கோகிலாவின் அம்மா மாரியாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். கை வலியால் கொழுந்து பறிப்பதை நிறுத்தியவர். அன்று அவருக்குப் பெரட்டில் பெயரே கிடையாது. ஆனாலும் வந்திருந்தார்.

“வெளியில வேல செய்றவங்க காம்பராவ விட்டு எறங்கணும்னு பட்டியல் போடுறாங்களாம். எங்க வீட்டுல இப்ப தோட்டத்துல யாரும் இல்ல. அவரு கொழும்புல கடையில நிக்கிறாரு. அத எம் மக கையாலேயே எழுதி வாங்கிட்டீங்களே டீச்சர்! இனி அவ பள்ளிக்கூடம் வரமாட்டா. இன்னைக்கே நிறுத்திட்டேன்.”

நான் லயத்தில் வளர்ந்தவள். கட்டம் போட்ட தாள் எங்கள் மக்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? பிரஜாவுரிமை போனது ஒரு தாளில். ஆளைப் பிரித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது ஒரு பட்டியலில். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால், தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இல்லாத வீடு என்ற சொல்லுக்கு எத்தனை குடும்பம் பயந்து வாழ்கிறது என்பதும் தெரியும். தெரிந்தும் முத்திரை குத்தினேன். பாடம் அசலாக இருக்க வேண்டுமாம்!

கூடவே, மறைக்காமல் சொல்கிறேன், உள்ளே ஒரு சிலிர்ப்பும் ஓடியது. நாய் வரி இங்கே காரணமே இல்லை. நாய்க்குப் பின்னால் காம்பரா இருந்தது. காம்பராவுக்குப் பின்னால், யாரும் எங்களைக் கேட்கவில்லை, எங்களுக்குச் சொல்லவில்லை என்ற ஆத்திரம் இருந்தது. புதிய வரிகள் வந்தபோது கண்டிக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, முன்னால் திரண்ட சனம் இப்படித்தான் நின்றிருக்கும். நிலம் ஏற்கெனவே போயிருந்தது. அதற்கு மேல் வந்து விழுந்ததுதான் நாய் வரி. நான் தாளம் போட்டுச் சொன்ன பாடம் என் கண்ணெதிரே சாக்கோடு நின்றது!

அப்போது கண்டாக்கு ஐயா என் பக்கத்தில் வந்தார். தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். மெதுவான குரல், நல்ல மரியாதை.

“டீச்சர், அந்தத் தாள்கள என்கிட்ட குடுங்க. ஆபீஸ்ல பத்திரமா இருக்கும். நான் பேசி இவங்கள மலைக்கு அனுப்பிர்றேன். தோட்டத்துத் தொர காதுக்கு ஒங்க பேரு போகாம பாத்துக்கறேன்.”

அதிபர் என் காதோரம் குனிந்தார். “குடுத்துருங்க. ஒங்கள இன்னும் நிரந்தரமாக்கல. இல்லாட்டி, புள்ளைக தப்பா எழுதிட்டாங்கன்னு சொல்லிருங்க. புள்ளைகள யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க.”

இரண்டு வாசலும் திறந்திருந்தன. இரண்டிலும் நான் தப்பித்துவிடலாம். கண்டாக்கு ஐயா கெட்ட எண்ணத்தில் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எந்தக் காம்பராவில் யார் வெளி வேலை என்ற விவரம் என் பையில் இருந்தது. அது ஆபீஸுக்குள் போனால், மாரியாயி பயந்தது அந்த நிமிடத்திலிருந்து உண்மையாகிவிடும். அதை உண்மையாக்கியது நானாக இருப்பேன்.

“ஐயா, இது ஆபீஸ் தாள் இல்ல. எழுதின வீட்டுக்காரங்களுக்குத்தான் சொந்தம்” என்றேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் படியில் ஏறி நின்றேன்.

“இத அரசாங்கமும் கேக்கல, தோட்டமும் கேக்கல. நான் கேட்டேன். பாடத்துக்காகக் கேட்டேன். அந்தக் காலத்துல வெள்ளக்காரன் இப்படித்தான் வரி போட்டான்னு காட்ட நெனச்சேன். ஏன்னு சொல்லாதீங்கன்னு புள்ளைககிட்ட சொன்னதும் நாந்தான். புள்ளைக மேல தப்பில்ல. தப்பு என்னோடது.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டார்: “ஏன் டீச்சர், வெள்ளக்காரன் போட்ட வரிய எங்க நாயி மேல எதுக்குப் போட்டீங்க? அது என்னா பாவம் பண்ணுச்சு?”

சிரிப்பு எழுந்தது. முழுச் சிரிப்பு இல்லை, அரைச் சிரிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு நான் தாளை எடுத்தேன்.

“ரெண்டாம் லயம், அஞ்சாம் காம்பரா!”

ஒரு பெண் வந்து வாங்கினார். “மூணாம் லயம், ஒண்ணாம் காம்பரா!” இன்னொருவர். உள்ளே எழுதியிருந்ததை ஒரு சொல்கூட நான் வாசிக்கவில்லை. தினமும் அவர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அதே களத்தில், நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரவர் தாளை அவரவர் கையில் கொடுத்தேன். வாங்கியவர்கள் சிலர் அங்கேயே கிழித்தார்கள். ஒருவர் நாயைப் பார்த்து “பொழச்ச போ” என்றார்.

இருபத்திரண்டு தாள் முடிந்தது. மாரியாயி மட்டும் கையை நீட்டியபடி நின்றார்.

“எங்கது எங்க?”

சுவரில்! எல்லாரும் பார்க்கும்படி நான்தான் குத்தி வைத்திருந்தேன். நாற்பது படியையும் ஒரே மூச்சில் ஏறினேன். சேலை தடுக்கி ஒரு இடத்தில் முட்டியை அடித்துக்கொண்டேன். தாளைப் பிய்த்துக்கொண்டு இறங்கி வந்தபோது கூட்டம் அப்படியே நின்றது. மாரியாயி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது.

“என்னா எழுதியிருக்கா?”

கண்டாக்கு ஐயா நான்கடி தூரத்தில் நின்றார். நான் மாரியாயியின் காதில் வாயை வைத்து, நாய் ஒன்று என்பதிலிருந்து கடைசிக் கட்டம் வரை சொன்னேன். அவர் தாளை எட்டாக மடித்து மடியில் செருகினார். அவர் லயத்துப் பக்கம் திரும்பி நடந்ததும் மற்றவர்களும் சாக்கை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்கள்.

அதோடு முடியவில்லை. தோட்டத்திலிருந்து கல்வி அலுவலகத்துக்கு முறைப்பாடு போய், என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். நிரந்தர நியமனம் தள்ளிப்போனது. அம்மாவிடம் சொன்னபோது, “வேல போயிருமா புள்ள?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். “போகாதும்மா” என்று சொல்லிவிட்டு, போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதைவிடப் பெரிய பயம் கோகிலாவின் காலி நாற்காலி. பரீட்சைக்கு நான்கு மாதம்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் லயத்துக்குப் போனேன். முதல் நாள் மாரியாயி கதவைத் திறக்கவில்லை. அடுத்த நாள் வாசல் இஸ்தோப்பில் உட்கார வைத்து வெறும் தேத்தண்ணி கொடுத்தார்.

“அந்தச் சண்டயில அவங்க ஜெயிச்சாங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

“இல்லக்கா. சுட்டுட்டாங்க.”

“ம்ம்” என்றார். என் கையிலிருந்த காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டு, “நாளைக்கு அனுப்புறேன்” என்றார்.

திங்கட்கிழமை கோகிலா வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். இப்போது யாரும் நாய் வரிக்குச் சிரிக்கவில்லை. ஏன் அவ்வளவு பெரிய சண்டை என்று யாரும் கேட்கவும் இல்லை. அவர்களே சொன்னார்கள், ஒவ்வொருவரும் தன் வீட்டில் கேட்ட பேச்சை வைத்து. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வகுப்பை நான் கண்டதில்லை! அந்த உச்சத்தில் கோகிலா எழுந்தாள்.

“மிஸ், அவங்க காட்டயும் சேனையயும் எடுத்துத்தானே கோப்பி போட்டாங்க? அந்தக் கோப்பிக்கு நம்ம ஆளுங்கள கூட்டிட்டு வந்தாங்க. ரோட்டு வேலையில இருந்து நம்மள விட்டுட்டாங்க, அவங்கள புடிச்சாங்க. அப்ப காரணம் பட்டியல்ல நம்மளும் ஒண்ணா மிஸ்?”

பாடப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. பல்கலைக்கழகத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னையே கேட்டதில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“தெரியல கோகிலா” என்றேன். “ஒண்ணு மட்டும் தெரியும். நெலத்த எடுக்கவான்னு அவங்ககிட்ட யாரும் கேக்கல. மன்னார்ல எறங்கி மாத்தள வரைக்கும் நடக்குறீங்களான்னு நம்ம ஆளுங்ககிட்டயும் ஒழுங்கா யாரும் சொல்லிக் கேக்கல.”

அவள் யோசித்தாள். “அது பாதிப் பதில்தான் மிஸ்.”

“பாதிதான். மீதியத் தேடிட்டு வர்றேன்.”

புதிதாக வருகிற நீங்கள் என்னிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஏன் என்று சொல்லாதீர்கள்’ என்று பிள்ளைகளிடம் சொன்னது என் வேலையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு. ‘தெரியல’ என்று பிள்ளைகளிடம் சொன்னது நான் செய்த மிகச் சரியான காரியம். இரண்டுக்கும் இடையில் நான்கே நாள்தான்.

கோகிலா பரீட்சையில் வரலாற்றுக்கு ஏ எடுத்தாள். இப்போது அட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அவர்கள் காம்பராவும் இருக்கிறது. என்னைக் கண்டால் இன்றும் கேட்பாள், “மீதிப் பதில் கெடச்சுச்சா மிஸ்?”

மீதி எங்கே இருக்கிறது என்று போன மாதம்தான் தெரிந்தது. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். நல்லதண்ணி பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. என்னை இடித்துக்கொண்டு நின்ற பெண்மணியின் கையில் எங்கள் வரலாற்றுப் புத்தகம்! அதே அட்டை, அதே படம், சிங்கள எழுத்து. தோட்டத்துக்குக் கீழே உள்ள கிராமப் பாடசாலையில் அவரும் பதினோராம் தரத்துக்கு இதே பாடத்தை நடத்துகிறார். ஒரே மலை, ஒரே வாரம், ஒரே அத்தியாயம். இத்தனை வருடம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை!

கடைத் தெருவில் கற்ற என் சிங்களத்தில் கோகிலாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் பஸ் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “என் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எங்கள் காட்டை எடுத்தது வெள்ளைக்காரன் என்றால், இப்போது அங்கே இருக்கிறவர்கள் யார் என்று. நான் பாடத்தில் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடுகிறேன்.”

நாங்கள் இருவரும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டோம்.

அந்த வாரமே அவர்கள் அதிபருக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் பாடசாலைக்கு நான் போய் இந்தப் பாடத்தை ஒரு தடவை நடத்த வேண்டும், அவர் எங்கள் பாடசாலைக்கு வந்து நடத்த வேண்டும். அதே அதிபர்தான் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, “இந்தத் தடவ யாரு நாயையும் எண்ணாதீங்க டீச்சர்” என்றார்.

எண்ணப் போவதில்லை. கட்டம் போட்ட தாளும் இல்லை, முத்திரையும் இல்லை. பாடக்குறிப்பைச் சிங்களத்தில் எழுதி, அந்த டீச்சரிடமே கொடுத்துத் திருத்தி வாங்கிவிட்டேன். எதற்காக வருகிறேன் என்று பிள்ளைகளின் வீடுகளுக்கும் முன்கூட்டியே கடிதம் போயிருக்கிறது. குறிப்பின் முதல் வரி கோகிலாவின் கேள்வி. நேற்று அந்தக் குறிப்பை அவர்கள் அதிபரின் கையில் கொடுத்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை அங்கே முதலாவது பாடவேளை என்னுடையது.